பரண்ல இருந்து எறக்குன பழைய கம்ப்யூட்டர், உடனே பவர் குடுத்துராதீங்க

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அப்பா 2002-ல டிடிபி சென்டருக்கு வாங்குன அசெம்பிள் பெண்டியம் 4, பத்து வருஷமா பரண்ல கெடக்கு. அவர் அடிச்ச கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கடையில கேட்டா எடைக்குப் போட்டுருங்கன்றாங்க. வீட்லயே சரி பண்ணலாமா?"

பண்ணலாம் தம்பி, எடைக்குலாம் போட்டுராதீங்க. ஆனா ப்ளக்க மட்டும் இப்ப சொருக வேணாம். ஓடுதான்னு பாக்குற ஆசையில நேரா 230 வோல்ட்ட குடுத்து, எஸ்எம்பிஎஸ்ங்கிற பவர் சப்ளை பெட்டி டப்புன்னு வெடிச்சு, அதோட ஹார்ட் டிஸ்க்கும் சேந்து போன பெட்டி ஒண்ணு என் கையாலயே போயிருக்கு, ஒரு குடும்பத்து போட்டோ மொத்தமும் அதுல இருந்துச்சு, இன்னைக்கு நெனச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்கும்.

அதனால மொத வேலை ஹார்ட் டிஸ்க்க கழட்டுறதுதான். அது 40 பின் ஐடிஇ டிஸ்க்கா இருக்கும், அதாவது அகலமான பட்டை ஒயர் சொருகுற பழைய வகை. ஐடிஇ டு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கும்போது கூடவே தனி பவர் அடாப்டர் வருதான்னு பாத்துக்கங்க, பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், யுஎஸ்பி கரண்ட் பத்தாது. டிஸ்க் பின்பக்கம் இருக்குற ஜம்பர்ங்கிற குட்டி பிளாஸ்டிக் மூடிய மாஸ்டர்ல வச்சு மாட்டிட்டு காத குடுத்து கேளுங்க. சீரா சுத்துனா உடனே காப்பி போட்டுருங்க, டிக் டிக்குன்னு தட்டுற சத்தம் வந்தா அந்த நிமிஷமே நிறுத்திட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க. பத்திரிகை, நோட்டீஸ் டிசைன் பண்ணுன பேஜ்மேக்கர் ஃபைல மட்டும் எடுத்தா பிரயோஜனம் இல்ல, விண்டோஸ்ல இருக்குற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசா எடுக்கணும், அப்பல்லாம் யூனிகோட்ல அடிக்கல, அந்த ஃபான்ட் இல்லன்னா தமிழ் பூரா இங்கிலீஷ் எழுத்தா கொழகொழன்னு தெரியும். பின்னாடி பிரிண்டர் போர்ட்ல சின்னதா டாங்கிள், அதாவது சாஃப்ட்வேருக்கு சாவி மாதிரி ஒரு கட்டை, மாட்டியிருந்தா பத்திரம், அந்தக்காலத்து தமிழ் சாஃப்ட்வேர் சிலது அது இல்லாம தெறக்காது.

அடுத்து எஸ்எம்பிஎஸ். பின்பக்கம் செவப்பு சுவிட்ச் இருந்தா 230-ல நிக்குதான்னு பாருங்க, 115-ல இருந்தா போட்டவுடனே போயிரும். ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல குளவி மண்ணும் பல்லி முட்டையும் இல்லாத பெட்டியே அபூர்வம். அதுக்காக மூடிய மட்டும் தெறக்க வேணாம், கரண்ட் குடுத்தா உள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல ஏறும், ப்ளக்க பிடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மதர்போர்டுல இருந்து எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு, பழைய சிடி டிரைவ் ஒண்ண மட்டும் லோடுக்கு மாட்டி, 20 பின் கனெக்டர்ல பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால சேத்துட்டு, தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி 100 வாட்ஸ் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியா, அதாவது கரண்ட் அந்த பல்பு வழியா வர்ற மாதிரி, குடுங்க. பல்பு மின்னிட்டு மங்குனா நல்லது, பளிச்சுன்னே நின்னா உள்ள ஷார்ட்டு, வேற எஸ்எம்பிஎஸ் வாங்குங்க. பல்பு டெஸ்ட் பாஸானா நேரா குடுத்து மல்டிமீட்டர்ல வோல்ட்ட பாருங்க, மஞ்சள் ஒயர்ல 11.4-ல இருந்து 12.6 வரைக்கும், செவப்புல 4.75-ல இருந்து 5.25 வரைக்கும் வரணும்.

மதர்போர்டுதான் உண்மையான வேலை. பிராசஸர சுத்தி உருளையா நிக்குற கெப்பாசிட்டர்கள உத்துப் பாருங்க, தலை தட்டையா இருக்கணும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ தலையில பழுப்பா கசிஞ்சு காஞ்சிருந்தாலோ அது செத்துப்போச்சு. 2000-த்த ஒட்டி வந்த போர்டுகள்ல ஒலகம் பூரா இந்தக் கம்ப்ளைன்ட், எலக்ட்ரோலைட் சரியில்லாத கெப்பாசிட்டர் ஏகப்பட்டது வந்துருச்சு. மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்பேர் கடையில கேளுங்க, அதே மைக்ரோ ஃபாரட், வோல்ட் அதே இல்ல கூட, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்னு சொல்லி வாங்கணும். கோடு போட்ட பக்கம் மைனஸ், மாத்திப் போட்டா வெடிக்கும். 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் சூடு மதர்போர்டுக்குப் பத்தாது, ஈயம் சரியா உருகாது, ரொம்ப நேரம் வச்சு அழுத்துனா போர்டு மேல இருக்குற பேட்ங்கிற செம்பு வட்டம் பேந்துரும், அதனால 60 வாட்ஸ் அயர்ன எடுத்து மொதல்ல ஒரு செத்த போர்டுல கைய பழக்கிக்கங்க.

மிச்சம் சுலபம். பிராசஸர் பேஸ்ட்டும் காசு மாதிரி இருக்குற சிஆர்2032 பேட்டரியும் புதுசா போடுங்க, ராம் மெமரி பட்டையோட கால்கள பென்சில் ரப்பரால தேயுங்க, ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன விரலால பிடிச்சுக்கங்க. பிராசஸர் பக்கத்துல இருக்குற 4 பின் கனெக்டர மறந்துட்டு, ஃபேன் சுத்துது டிஸ்ப்ளே வரலன்னு நிறைய பேர் தவிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல ஒரே ஒரு குட்டி பீப் கேட்டுச்சுன்னா போர்டு பொழச்சுக்கிச்சு, அதுக்கப்பறம் அப்பாவோட டிஸ்க்க மாட்டுங்க. நெட் மட்டும் குடுக்காதீங்க, விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-லயே அப்டேட் நின்னுருச்சு.