கிளினிக்கில் கொடுக்கும் விவரம் யார் கைக்கெல்லாம் போகிறது?

கேள்வி: சின்ன கிளினிக்குகளில் நாம் கொடுக்கும் பெயர், போன் நம்பர், நோய் விவரமெல்லாம் யார் யார் கைக்குப் போகிறது? பயமாக இருந்தால் வேறு நம்பர் கொடுத்துவிடலாமா?

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ரிசப்ஷன் என் பொறுப்பு. பதிவு, பில், இன்ஷூரன்ஸ் பேப்பர், அரசாங்கத்துக்கு மாதாமாதம் அனுப்பும் அறிக்கை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். டாக்டர், மகப்பேறு பார்க்கும் டாக்டர் அம்மா, சில சிஸ்டர்கள், ஒரு லேப், வாசலில் மருந்துக்கடை. உங்கள் ஊர் கிளினிக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரை யாராவது ஹேக் செய்துவிடுவார்களோ என்பதுதான் பலருடைய முதல் பயம். அது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களே முடங்கி, பல நாட்களுக்கு எல்லாவற்றையும் கையால் எழுதி ஓட்டினார்கள். ஆனால் எங்களைப் போன்ற இடங்களில் விவரம் வெளியே போவது பெரும்பாலும் தெரிந்த முகங்கள் வழியாக. கேட்பவரும் நல்லவர், சொல்பவரும் நல்லவர். அதனால்தான் தடுப்பது கஷ்டம்.

ஒரு பெரியம்மா வருவார். பக்கத்துத் தெரு. கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏம்மா, எங்க அண்ணன் மருமக காலையில வந்துட்டுப் போனாளே, ஸ்கேன்ல என்னவாம்?" என்பார். மருமகள் வந்தது அவருக்குத் தெரியாது. வந்திருப்பாளோ என்று ஒரு ஊகம், அவ்வளவுதான். "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று சொன்னாலே, ஆமாம், வந்தாள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கள் இடத்தில் ஒரே பதில்: "பெரியம்மா, யார் வந்தா போனான்னு எனக்கு ஞாபகமே இருக்காது, அவங்களையே கேட்டுக்கங்க." சுத்தப் பொய். இந்த வேலையில் தினமும் பயன்படுகிற பொய் இதுதான், சொல்லக் கூச்சப்பட்டதே இல்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு பில் போடக் கற்றுக்கொடுக்கும் முன் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

நோய் என்ன என்பது மட்டும் ரகசியமில்லை, வந்ததே ரகசியமாக இருக்கலாம். எங்களிடம் வாரத்தில் ஒரு மாலை மனநல டாக்டர் வெளியூரிலிருந்து வருவார். முதலில் அந்த மாலை அவர் மட்டும்தான் ஓபி பார்ப்பார். அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், எதற்கு வந்திருக்கிறார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கூட்டம் குறைந்துகொண்டே போனது. டாக்டர் அம்மாதான் யோசித்து, தோல் டாக்டரையும் அதே மாலைக்கு வரச் சொன்னார். இப்போது யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அந்த உரிமையைக் கொஞ்சமாவது காப்பாற்றியது தோல் டாக்டர்தான்!

சரி, நீங்கள் கொடுக்கும் விவரம் போகும் பாதைக்கு வருகிறேன்.

முதலில் ஓபி நோட்டு. இன்றைக்கும் பல கிளினிக்குகளில் நீள நோட்டுதான்: பெயர், வயது, ஊர், போன் நம்பர், சில இடங்களில் பக்கத்திலேயே "காய்ச்சல்", "வெள்ளைப்படுதல்" என்று காரணமும். அது கவுன்ட்டரில் விரித்தபடி கிடக்கும். அடுத்து பதிவு செய்ய வருபவர் தலைகீழாகவே பத்துப் பெயர் படித்துவிடுவார். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், டிஜிட்டலாக வாங்கிய விவரத்துக்கும் பேப்பரில் வாங்கி பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய விவரத்துக்கும்தான் பொருந்தும். கடைசிவரை நோட்டிலேயே இருக்கும் விவரத்தை அது தொடாது. அதற்கு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு எங்கள் டாக்டர் சிரித்தார், மறுநாள் எல்லா கம்ப்யூட்டருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு போடச் சொன்னார்.

நோட்டுக்குக் காவல் பழைய விதிதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளியைப் பற்றித் தொழில் வழியாக டாக்டருக்குத் தெரிந்ததை அவர் வெளியே சொல்லக் கூடாது என்கின்றன. கோர்ட் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் அந்த விதி பதிவுபெற்ற டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது; என்னை மாதிரி ரிசப்ஷனில் இருப்பவர்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. சம்பளம் குறைவு, பயிற்சி கிடையாது, தெரிந்துகொள்வதோ எல்லாவற்றையும். இந்த அமைப்பில் எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது இதுதான்.

அடுத்தது போன் நம்பர். இதில் ஒரு சிக்கலை நோயாளிகளே யோசிப்பதில்லை. பெண்கள் பலர் கணவர் நம்பரைக் கொடுப்பார்கள், வயதானவர்கள் மகன் நம்பரை. லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் போகும் காலம் இது. கல்யாணமாகாத பெண் அப்பா நம்பரைக் கொடுத்துவிட்டு யூரின் டெஸ்ட் எடுத்தால் ரிப்போர்ட் யாரிடம் போகும்? நாங்கள் இப்போது ரெண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்கிறோம்: உங்கள் நம்பர் என்ன, ரிப்போர்ட் எந்த நம்பருக்குப் போகவேண்டும். "நேர்ல வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாங்கள் ஃபைலில் பெரிதாக எழுதி வைத்துவிடுவோம்.

வாட்ஸ்அப் பற்றி இன்னொன்று. கிளினிக் போன் என்பது பொதுவாக ஒரே ஒரு போன், பல கைகள். அனுப்பிய ரிப்போர்ட் போட்டோக்கள் கேலரியில் அப்படியே கிடக்கும். எக்ஸ்ரே படத்தைக் கருத்துக் கேட்க வேறு டாக்டருக்கு அனுப்பும்போது மூலையிலிருக்கும் பெயர், வயதைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படம் எடுத்தால் போதும், வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கட்டைவிரல் பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

அரசாங்கத்துக்குப் போகும் விவரங்களைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் எங்கள் மேல் வீணாகச் சந்தேகப்படுகிறார்கள். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் எஃப் படிவம் நிரப்பியே ஆகவேண்டும். பெயர், வயது, கணவர் அல்லது தகப்பனார் பெயர், முகவரி, ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா, யார் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள் என்பதுவரை இருக்கும். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போகும். சிசுவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்காக இது. "எதுக்கும்மா எங்க பிள்ளைக் கணக்கெல்லாம்?" என்று கோபப்படுபவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லித்தான் தீரவேண்டும்.

காசநோயும் அப்படித்தான். தனியார் டாக்டரும் 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவாகும். ஊட்டச்சத்துக்கு வங்கிக் கணக்கில் பணம் வருவதும் அந்தப் பதிவின் மூலமாகத்தான். சுகாதாரப் பணியாளர் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் "கிளினிக்காரங்க ஊருக்கே சொல்லிட்டாங்க" என்ற பேச்சுதான் மிஞ்சும். ஒருவர் எங்களிடம் கேட்டுக்கொண்டபடி, பணியாளர் அவர் வேலை பார்க்கும் மில் பக்கத்து டீக்கடையில் சந்தித்து மாத்திரை கொடுத்தார். கேட்டால் ஏற்பாடு செய்ய முடிகிற விஷயம்தான் அது.

எச்ஐவி என்றால் சட்டம் ரொம்பக் கண்டிப்பு. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள சட்டப்படி, ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. மிகச் சில விலக்குகள்தான். அப்படியிருந்தும் ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையால் வட்டம் போடும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வார்டைப் பெருக்கும் அக்காவுக்குக்கூட அந்த வட்டத்தின் அர்த்தம் தெரியும். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி எச்சரிக்கை என்பதுதான் முறை. அதைச் செய்தால் வட்டமே தேவையில்லை.

கருக்கலைப்புப் பதிவு முறையைப் பார்த்தால், வேண்டும் என்று நினைத்தால் ரகசியத்தை எப்படிக் காக்கலாம் என்பது புரியும். சம்மதப் படிவத்தை உறைக்குள் வைத்து ஒட்டி, மேலே "ரகசியம்" என்று எழுதப்படும். தனிப் பதிவேட்டில் மட்டும்தான் பெயர். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர், மறுபடி காட்ட வரும்போது கொண்டுவரும் சீட்டு எதிலும் பெயர் வரக் கூடாது, வரிசை எண் மட்டும்தான். 2021-ல் சேர்த்த பிரிவின்படி பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை ஜெயில். 18 வயது நிறைந்த பெண் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இதை நம்பாமல் என்னோடு சண்டை போட்ட கணவர்கள் உண்டு.

மருந்துக்கடையிலும் ஒரு பதிவு இருக்கிறது. சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை போன்ற எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை கொடுத்தார்கள் என்பதைத் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிக விவரம் வெளியே போவது இன்ஷூரன்ஸ் வழியாக, அதுவும் உங்கள் கையெழுத்தோடு. கிளெய்ம் படிவத்தின் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கும்: என்னைப் பார்த்த எந்த ஆஸ்பத்திரியிடமும் டாக்டரிடமும் மருத்துவ விவரங்களைக் கேட்டு வாங்கக் கம்பெனிக்குச் சம்மதிக்கிறேன் என்று. ஆயிரத்தில் ஒருவர்கூட அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. பிறகு கம்பெனியின் ஆள் வந்து பழைய ஓபி சீட்டைக் கேட்கும்போது எங்களிடம் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை. "சர்க்கரை எப்பலேர்ந்துன்னு கொஞ்சம் மாத்தி எழுதுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. எழுத மாட்டோம்.

ஆபாவும் ஆதாரும் அடிக்கடி குழம்புகிற விஷயம். ஆபா என்பது அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு; அந்த 14 இலக்க எண் உங்கள் விருப்பம்தான். இல்லை என்பதற்காக வைத்தியம் மறுக்க முடியாது. ஆதார் நகல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் நகலின் குறுக்கே காரணத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள், அல்லது முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதாரைக் கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஆபீஸிலிருந்து எச்ஆர் போன் செய்து, "லீவ் லெட்டர்ல இருக்கிற சர்டிபிகேட் உண்மைதானா, என்ன நோய்?" என்று கேட்பதும் வழக்கம். கையெழுத்து எங்கள் டாக்டருடையதுதானா என்பதை மட்டும், அதுவும் எழுத்தில் கேட்டால், சொல்வோம். நோய் என்ன என்பது அவர்கள் கவலையில்லை. போலீஸ் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டால் எழுத்தில் கோரிக்கை வேண்டும். அதையும் டாக்டர்தான் முடிவு செய்வார்.

பழைய பேப்பர் பற்றியும் சொல்லியாகவேண்டும். உள்நோயாளி கேஸ் ஷீட்டை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. அப்புறம்? பல இடங்களில் எடைக்குப் போகும். பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பரில் யாரோ ஒருவருடைய தைராய்டு ரிப்போர்ட்டை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய் படிந்தும் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு சொல்லிச் சொல்லி, இங்கே ஒரு காகிதம் கிழிக்கும் மெஷின் வாங்க வைத்தேன். மின்விசிறி விலைதான் ஆனது.

உங்கள் பதிவுகள் உங்களுக்கு வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க"தான் கிடைக்கும். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேறு நம்பர் கொடுக்கலாமா என்ற கேள்வி. கொடுக்காதீர்கள். ராத்திரி லேப்பிலிருந்து பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருக்கிறது என்று தகவல் வந்தால், நாங்கள் கூப்பிட இருப்பது அந்த ஒரு நம்பர்தான். தவறான நம்பர் என்றால் வீட்டைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும், அப்போது தெருவே எட்டிப் பார்க்கும். பெயரை மாற்றிச் சொன்னால் பழைய ரிப்போர்ட்டோடு சேராது. அலர்ஜி என்று போன தடவை எழுதிவைத்த ஊசியையே இந்தத் தடவை போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. சரியான நம்பரைக் கொடுத்துவிட்டு, "போன் பண்ணாதீங்க, மெசேஜ் மட்டும், அதுலயும் நோய் பேர் வேணாம்" என்று சொல்லுங்கள். பதிவு செய்கிற பெண் அதை ஃபைல் அட்டையில் எழுதுகிறாளா என்று நின்று பார்த்துவிட்டு அப்புறம் போய் உட்காருங்கள்.