அம்மா எழுதிக்கொடுத்த வீடும் அவர் கையில் மிஞ்சியிருக்கும் உரித்தும்

ஹட்டனிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கக் கடிதமும் காணி உறுதியின் நிழற்பிரதியும் அனுப்பியிருக்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவருடைய அம்மா, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் 10 பேர்ச் காணி வாங்கி வீடு கட்டி, 2021 இல் அதைத் தம் மகனுக்கு, அதாவது சகோதரியின் தம்பிக்கு, நன்கொடையாக எழுதிக்கொடுத்தார். இன்று அம்மா சமையலறையை ஒட்டிய அறையில் படுக்கிறார். பக்கத்துச் சிங்களக் குடும்பம் மகனுக்குக் கொடுத்த உறுதியை ரத்துச் செய்ததைப் போல இதையும் ரத்துச் செய்து, தம் பங்கைப் பெற முடியுமா என்பதே சகோதரியின் கேள்வி.

தம்பி மனைவியின் பேச்சு, திருமணச் செலவுக் கணக்கு, யார் அதிகம் உழைத்தார் என்பவற்றுக்கெல்லாம் இந்த வழக்கில் இடமில்லை. பார்க்கவேண்டியது உறுதியின் இரண்டாம் பக்கத்திலுள்ள ஒரு வரியை மட்டுமே: "எனது சீவிய உரித்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மீளப்பெற முடியாத நன்கொடையாக." சீவிய உரித்து என்பது, வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் இருந்து அதை அனுபவிக்கும் உரிமை.

பக்கத்து வீட்டார் செய்தது கண்டியச் சட்டப்படி. அது கண்டியச் சிங்களவருக்கு உரியது. தேசவழமை என்ற வழமைச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழராகிய உங்களுக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அதன்கீழ் இத்தகைய உறுதியை, பாரிய நன்றிகேட்டைக் காரணமாகக் காட்டி, 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் மட்டுமே ரத்துச் செய்யலாம். அதற்குக் காலவரையறையும் உண்டு. நொத்தாரிசிடம் போய் ரத்து உறுதி எழுதிக்கொள்வது வீண்செலவு. வழக்காளி உங்கள் அம்மாவே அன்றி நீங்கள் அல்ல. பெற்ற மகனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறக்கூடியவரா அவர் என்பதை நீங்கள் எழுதவில்லை. "என் பங்கு" என்று நீங்கள் குறிப்பிடும் ஒன்று சட்டத்தில் இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறார். தம் சொத்தை விரும்பியவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது.

நான் அஞ்சுவது வேறொன்றை. சீவிய உரித்து இருக்கும்வரை அம்மாவை அந்த வீட்டிலிருந்து எவரும் எழுப்ப முடியாது. அவருடைய கையெழுத்து இல்லாமல் வங்கிகள் அந்த வீட்டை ஈடாக எடுக்கத் தயங்கும். அதனாலேயே ஒருநாள் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வருவார்கள். என்னிடம் வந்த ஒரு தாயாரை, கடனுக்குச் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லி நொத்தாரிசு அறைக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அவர் பெருவிரல் அடையாளம் வைத்தது, தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட, சீவிய உரித்தைத் துறக்கும் உறுதியில். வாசித்து விளக்கப்பட்டது என்ற நொத்தாரிசின் அத்தாட்சி அடியில் இருந்ததால், விளங்காமல் வைத்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர்மேல் விழுந்தது. ஈட்டுக்கு வைத்த வீடு ஏலத்துக்கு வந்தபோது அவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. இதேபோன்ற சம்பவங்களை இன்னும் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் பங்குக்காகச் சண்டையிட்டுப் பிரிந்திருந்தார்கள், தாயோடு நொத்தாரிசிடம் போக எவரும் இருக்கவில்லை.

ஆகவே, சமாதானமாகப் போங்கள். பங்குக் கோரிக்கையைக் கைவிடுவதாகத் தம்பியிடம் நேரில் சொல்லுங்கள். பதிலுக்கு, அம்மாவுக்கு முன்னறையும் மாதாந்தம் அவருடைய வங்கிக் கணக்கில் ஒரு தொகையும் தருவதாக எழுத்தில் கேளுங்கள். தம்பி மறுத்தால், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அம்மா பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். உறுதியை உடைக்கும் வழக்கைவிட அது எளிது. அம்மாவின் நிலையான வைப்புப் பணத்தில் உங்களுக்கு ஏதும் தர அவரே விரும்பினால், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் மரணசாசனம் எழுதட்டும். அந்த அறையில் நீங்கள் இருக்கவேண்டாம்.

இந்த வாரமே காணிப் பதிவகத்துக்குப் போய், 2021 க்குப் பிறகு அந்தக் காணியின் ஏட்டில் ஈடோ வேறு உறுதியோ பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிழற்பிரதிதான் அனுப்பியிருக்கிறீர்கள், மூல உறுதி இப்போது யார் கையில் இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.