136 கிலோஹெர்ட்ஸில் வரும் ஒரு வாட்டுக்கும் குறைவான தொலைதூர ஹாம் சிக்னலை வீட்டிலிருந்து பிடிப்பது எப்படி?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: 2200 மீட்டர் பேண்டில் ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலி இயக்குகிறவர்கள்) ஒரு வாட்டுக்கும் குறைவாக அனுப்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பிடிக்கிறார்கள், ஆனால் ரிசீவரை அங்கே திருப்பினால் கரகரப்பைத் தவிர எதுவும் இல்லை. எங்கே தவறு?

தவறு பெரும்பாலும் காதை நம்புவதில் இருக்கிறது. அந்தப் பேண்டில் தூரம் போகும் சிக்னல்கள் காதுக்காக அனுப்பப்படுபவை அல்ல. நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் திரையில் ஒரு கோடாகத் தெரியும்.

முதலில் அனுப்புகிறவர் நிலைமையைப் பாருங்கள். 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள இந்தப் பேண்டை 2007 உலக வானொலி மாநாடு ஒதுக்கியது. உச்ச வரம்பு ஒரு வாட் இஐஆர்பி, அதாவது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆன்டெனாவோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் கதிர்வீச்சுத் திறன். அலைநீளம் 2200 மீட்டர் என்பதால் கால் அலை ஆன்டெனாவுக்கே 550 மீட்டர் உயரம் வேண்டும். மேலே நன்றாகக் கம்பி விரித்த 10 மீட்டர் ஆன்டெனாவின் கதிர்வீச்சு மின்தடை சுமார் 0.033 ஓம்தான். காயில், மண், மரம் எல்லாம் சேர்ந்து தின்னும் இழப்பு 60 ஓம் என்று வையுங்கள். 100 வாட் கொடுத்தால் வெளியே போவது 0.05 வாட், ஆன்டெனா கெயினைச் சேர்த்தாலும் இஐஆர்பி 0.16 வாட். அந்தப் பக்கம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மிச்சம் எல்லாம் பெறுகிறவர் கையில்.

பெறுகிற பக்கத்தில் உள்ள பெரிய ஆயுதம் பேண்ட்வித்தைக் குறுக்குவது. பேச்சுக்கான 2500 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் நுழையும் இரைச்சலை 0.023 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறுக்கினால் 50 டெசிபெல் லாபம். விலை, நேரம். கியூஆர்எஸ்எஸ்60 என்ற முறையில் மோர்ஸ் புள்ளி ஒன்று 60 விநாடி, கோடு 180 விநாடி. ‘வி’, ‘யு’ என்ற இரண்டு எழுத்தை அனுப்பவே 19 நிமிடம் ஆகும். புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே நீளம் கொடுத்து, அதிர்வெண்ணை மட்டும் ஒரு துளி மாற்றும் டிஎஃப்சிடபிள்யூ இதைப் பாதியாகச் சுருக்கும். கண்ணால் படிக்க வேண்டாம், கணினியே படிக்கட்டும் என்றால் விஸ்பர் இருக்கிறது: 2 நிமிடத்தில் ஓர் அழைப்புக்குறி, சிக்னல்-இரைச்சல் விகிதம் 2500 ஹெர்ட்ஸ் கணக்கில் சுமார் மைனஸ் 31 டெசிபெல் வரை இறங்கினாலும் எடுக்கும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் பிறகு சேர்ந்த எஃப்எஸ்டி4டபிள்யூ, குறைந்த அதிர்வெண் அலைகளுக்காகவே செய்தது. அதன் 120 விநாடி வடிவம் மைனஸ் 32.8 வரை, 300 மைனஸ் 36.8, 900 மைனஸ் 41.7, 1800 மைனஸ் 44.8. விஸ்பர், எஃப்எஸ்டி4டபிள்யூ இரண்டுக்கும் டயலை 136.000 கிலோஹெர்ட்ஸ் அப்பர் சைட்பேண்டில் வையுங்கள், சிக்னல்கள் 137.4 முதல் 137.6 வரை விழும். கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெளிவாகத் தெரிகிற சிக்னல்கூட டிகோட் ஆகாது.

அடுத்து ஆன்டெனா. இங்கே வானத்து இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல பத்து டெசிபெல் மேலே நிற்பதால், பெறும் ஆன்டெனா எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒரு எல்லை வரை நஷ்டம் இல்லை. வயரிங் கடையில் 90 மீட்டர் சுருளாக விற்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று போதும். பிவிசி பைப்பில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து, அதில் 20 சுற்று, சுற்றுகளுக்கு இடையே 3, 4 மில்லிமீட்டர் விட்டு. இதுதான் லூப் ஆன்டெனா. 80 மீட்டர் போக மிச்சம் 10 மீட்டர் லிங்க் சுற்றுக்கு, அதாவது சிக்னலை வெளியே எடுக்கும் தனிச் சுற்றுக்கு. இண்டக்டன்ஸ் 1.2 மில்லிஹென்றி அளவில் வரும். 137 கிலோஹெர்ட்ஸுக்கு மொத்தம் 1.1 நானோஃபாரட் தேவை. 680 பைக்கோஃபாரட் பாலிஸ்டைரீன் அல்லது மைக்கா கண்டென்சரோடு, பழைய ரேடியோவின் 500 பைக்கோஃபாரட் கேங் கண்டென்சரை இணையாகப் போட்டால் ட்யூன் ஆகிவிடும். சாதா செராமிக் டிஸ்க் வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் ட்யூனிங் நழுவிக்கொண்டே இருக்கும்.

லிங்க் ஒரே சுற்று, அதிலிருந்து நேராக 50 ஓம் கோஆக்ஸ். இப்படி எடுக்கும்போது லூப்பின் கியூ (ட்யூனிங்கின் கூர்மை) 150-லிருந்து 17 அளவுக்கு விழும். விழட்டும், முழுப் பேண்டும் ஒரே ட்யூனிங்கில் அடங்கும். ஆனால் வெளிவரும் மட்டம் குறைவு. கடையில் வாங்கும் பல ஹெச்எஃப் செட்டுகள் 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடு என்பதால் லூப் பக்கத்திலேயே 20 டெசிபெல் ப்ரீஆம்ப் (முன் பெருக்கி) தேவைப்படலாம். தேவையா என்று பார்க்க ஒரு சோதனை: ஏஜிசியை (ரிசீவரின் தானியங்கி கெயின் கட்டுப்பாடு) அணைத்து, ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் 10 டெசிபெல்லாவது விழுந்தால் போதும், அதற்கு மேல் கெயின் சேர்ப்பது வீண்.

மினிவிப் எனப்படும் சிறு தகடு வைத்த ஆக்டிவ் ஆன்டெனாவையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஓவர்லோடு ஆகாவிட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது அளப்பது தகட்டுக்கும் கோஆக்ஸின் வெளி உறைக்கும் இடையிலான மின்னழுத்தத்தை. உறை வழியாக வீட்டு இரைச்சல் ஏறினால் அதையும் சிக்னலாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே கம்பத்தடியில் தனி எர்த் ராடு அடித்து உறையை அதில் கட்டி, ராடுக்கும் வீட்டுக்கும் இடையில் சோக் (உறையில் ஏறும் இரைச்சலைத் தடுக்கும் காயில்) போட வேண்டும். கேபிளில் கவ்வும் கிளிப் ஃபெரைட் இந்த அதிர்வெண்ணில் அலங்காரப் பொருள். ஒரு சுற்றுக்கு 5 மைக்ரோஹென்றி தரும் உயர் பெர்மியபிலிட்டி டொராய்டில் 15 சுற்று மெல்லிய கோஆக்ஸ் சுற்றினால் 1.1 மில்லிஹென்றி, அதாவது ஆயிரம் ஓமை நெருங்கும். வீட்டுக்குள் மினிவிப் வைப்பது பயனற்றது. லூப்பை வீட்டுக்குள் வைக்கலாம், வயரிங்கிலிருந்து சில மீட்டர் தள்ளி.

நடுத்தர அலை ஒலிபரப்பு நிலையம் அருகே இருந்தால் இன்னொரு வலி. நம் பக்கத்தில் அந்த நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்காருகின்றன. ஆகவே எந்த இரண்டு நிலையத்தின் வித்தியாசமும் 9-ன் மடங்கு. 135 என்பது பதினைந்து ஒன்பது! ஓவர்லோடு ஆன ரிசீவரில் அந்த வித்தியாசம் 135 கிலோஹெர்ட்ஸில் விழுந்து, அதன் சைட்பேண்ட் நம் பேண்டை அப்படியே மூடும். 137-ல் பாட்டு கேட்டால் காரணம் இதுதான். ரிசீவர் முன்னால் 10 நானோஃபாரட், 68 மைக்ரோஹென்றி, 33 நானோஃபாரட், 68 மைக்ரோஹென்றி, 10 நானோஃபாரட் என்று ஒரு லோபாஸ் போடுங்கள் (கண்டென்சர்கள் கிரவுண்டுக்கு, காயில்கள் தொடரில்). 700 கிலோஹெர்ட்ஸில் 50 டெசிபெல்லுக்கு மேல் வெட்டும், 137-ல் இழப்பு பேருக்குத்தான். மினிவிப்பின் உள்ளே நடக்கும் ஓவர்லோடை இது சரி செய்யாது. அங்கே கம்பத்தைத் தாழ்த்திப் பாருங்கள், அல்லது லூப்புக்கு மாறுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் திரை முழுக்கப் பட்டை பட்டையாக இருந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அடாப்டர்கள் பல 60 முதல் 140 கிலோஹெர்ட்ஸுக்குள் சுவிட்ச் ஆகின்றன. அடிப்படை அதிர்வெண்ணே நம் பேண்டில் உட்காரும். வாட்டர்ஃபாலில் (அதிர்வெண்ணை நேரத்தோடு வரைந்து காட்டும் திரை) அது பாம்பு போல நெளியும், இரு பக்கமும் 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் குட்டிகள். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, மெயினை அணையுங்கள். இங்கே பலர் ஏமாறுவது, மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் தானாகக் கிளம்பி அதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய இரைச்சலைக் கொடுப்பதில். முதலில் இன்வெர்ட்டரை முழுதாக நிறுத்திவிட்டு மெயினைத் தொடுங்கள். பிறகு எம்சிபி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே திரையைப் பாருங்கள். எல்இடி பல்பு, பிஎல்டிசி ஃபேன், ஃபைபர் மோடம் அடாப்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், பெரும்பாலும் இந்த வரிசையில்தான் அகப்படும். அடாப்டரை இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சப்ளையால் மாற்றுவது ஃபில்டர் போடுவதைவிட மலிவு, நிச்சயமும்கூட. பக்கத்து வீட்டு இரைச்சலுக்கு லூப்பின் நல் (null, எதுவும் கேட்காத திசை) உதவும்: சட்டத்தின் தட்டையான முகத்தை இரைச்சல் வரும் திசைக்குக் காட்டினால் அது அடங்கும். விளிம்பு காட்டும் திசையில்தான் சிக்னல் வலுவாக வரும்.

அடுத்தது ஸ்திரத்தன்மை. 0.023 ஹெர்ட்ஸ் பின்னில் (bin, திரையின் ஒரு அதிர்வெண் கட்டம்) வேலை செய்கிறோம் என்றால், ரிசீவர் 137 கிலோஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் 0.17 பங்குகூட நகரக் கூடாது. மலிவான எஸ்டிஆர் டாங்கிளுக்கு (யுஎஸ்பியில் செருகும் மென்பொருள் ரிசீவர்) முன் 125 மெகாஹெர்ட்ஸ் அப்கன்வெர்ட்டர் மாட்டினால், 137 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் 125.137 மெகாஹெர்ட்ஸுக்குப் போகிறது. அங்கே 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) நகர்ந்தால் 12.5 ஹெர்ட்ஸ்! ஃபேன் காற்று திசை மாறினாலே கோடு சாய்ந்துவிடும். நேரடியாகச் சாம்பிள் செய்யும் ரிசீவரில் அதே 0.1 பிபிஎம் வெறும் 0.014 ஹெர்ட்ஸ். ஆகவே குறை அலைக்கு நேரடிச் சாம்பிளிங் வாங்குங்கள். கிவி எஸ்டிஆர் போன்றவை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்தே நேரடியாக எடுப்பதோடு, ஜிபிஎஸ்ஸை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். சவுண்ட் கார்டும் தன் பங்குக்குத் தவறு செய்யும்: 1500 ஹெர்ட்ஸில் 50 பிபிஎம் என்பது 0.075 ஹெர்ட்ஸ். நிலையான தவறென்றால் கணக்கில் கழித்துவிடலாம், சூட்டில் நகரும் தவறுதான் கெடுக்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

வாட்டர்ஃபால் காட்டும் ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருளின் அமைப்புக்கு ஒரு தொடக்கம்: 12000 சாம்பிள் வேகம், 32-ஆல் டெசிமேஷன் (சாம்பிள் வேகத்தைக் குறைப்பது), 16384 எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு). பின் 0.023 ஹெர்ட்ஸ், ஒரு எஃப்எஃப்டிக்கு 44 விநாடி, கியூஆர்எஸ்எஸ்60-க்குப் பொருந்தும். 15 விநாடிக்கு ஒரு வரி ஓடட்டும், திரையில் 5 முதல் 10 ஹெர்ட்ஸ் மட்டும் காட்டுங்கள். எஃப்எஃப்டியை இன்னும் நீட்டினால் லாபம் கூடாது, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கான்ட்ராஸ்டைக் கூட்டி அழகான கருப்புப் பின்னணி வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பின்னணியில் மங்கலான புள்ளிக் கூட்டம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய கோடு அந்தக் கூட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஏஜிசி கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ஒரு மின்னல் வெடிப்பு வந்தால் ஏஜிசி கெயினைக் குறைத்து அடுத்த ஒரு விநாடியைச் செவிடாக்கும். வெடிப்பு வரும் கணத்தை மட்டும் வெட்டும் நாய்ஸ் பிளாங்கரை, குறுகிய ஃபில்டருக்கு முன்னால், அகலமான பேண்ட்வித்தில் வேலை செய்ய விடுங்கள். ஃபில்டருக்குப் பின் வைத்தால் வெடிப்பு ஏற்கனவே நீண்டு பரவியிருக்கும், வெட்ட ஒன்றும் அகப்படாது. விண்டோஸின் ஒலி மேம்படுத்தல்களையும் தானியங்கி மைக் கெயினையும் மறக்காமல் அணையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து முயல்கிறவர்கள் படிப்படியாகப் போவது நல்லது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது. அந்த லூப்பின் கண்டென்சரைக் கழற்றி, 48 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டின் மைக் நுழைவில் நேரே செருகினால் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு மேடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லூப், கேபிள், கார்டு மூன்றில் ஒன்றில் கோளாறு. அடுத்து இரவில் 138.83 கிலோஹெர்ட்ஸைப் பாருங்கள். அது ஜெர்மனியில் மின்கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்பும் டிசிஎஃப்39, பல்லாயிரம் வாட். பக்கத்தில் கத்தும் ஒரு வாட் ஹாம் அதைவிட நாற்பது டெசிபெல்லுக்கு மேல் கீழே இருப்பார். கியூஆர்எஸ்எஸ்60 தரும் லாபம் 50. எனவே சாதாரண பேச்சு ஃபில்டரில் டிசிஎஃப்39 தெளிவாகத் தெரியும் இரவுகளில்தான் ஐரோப்பிய ஹாமுக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

நேரம்: பாதை முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜெர்மனியில் சூரியன் மறையும்போது இங்கே இரவு 9:30, நமக்கு விடியும் வரை சுமார் 9 மணி நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை. ஏப்ரல், மே கோடை இடி மழையில் உட்காருவது வீண் வேலை. சிக்னல் பத்து இருபது நிமிடத்துக்கு எழுந்து மறையும், ஆகவே இரவு முழுவதும் பதிவு செய்து காலையில் பாருங்கள். 7500 கிலோமீட்டர் என்பது கடினமான பாதை, அதற்கு முன் 630 மீட்டர் பேண்டில் (டயல் 474.2 கிலோஹெர்ட்ஸ்) விஸ்பரை முயல்வது மேல். அங்கே சில நாடுகள் 5 வாட் இஐஆர்பி வரை விடுகின்றன. கண் பழகுவதற்கு ஐரோப்பாவில் பொதுவில் திறந்திருக்கும் கிவி ரிசீவர் ஒன்றில் 137 கிலோஹெர்ட்ஸைச் சில இரவுகள் பார்த்துவிடுங்கள்.

டிகோட் ஒன்று வந்ததும் குதிக்க வேண்டாம். மங்கலான எல்லையில் இந்த மென்பொருள்கள் இல்லாத அழைப்புக்குறியையும் கண்டுபிடிக்கும். டிகோடில் வரும் கிரிட் லொக்கேட்டர் (நிலையத்தின் இடத்தைச் சொல்லும் குறியீடு) அந்த நாட்டுக்குப் பொருந்துகிறதா, அப்போது பாதை இருட்டா, வேறொருவரும் அதே நேரத்தில் அவரைப் பிடித்தாரா என்று பாருங்கள். டிகோட் பட்டியலில் எல்லா நிலையங்களுக்கும் டிரிஃப்ட் (அதிர்வெண் நகர்வு) ஒரே பக்கம் 1 அல்லது 2 காட்டினால் நகர்வது உங்கள் ரிசீவர். ஒருவருக்கு மட்டும் காட்டினால் அது அவர் டிரான்ஸ்மிட்டர். ஒரே இரவில் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு முறை வந்த பிறகு பதிவேட்டில் எழுதுங்கள்.