சொந்த கேம் எஞ்சினும் சின்ன டெமோக்களும்: கேள்வி பதில்

கேட்கும் முன் ஒன்று. எஞ்சினை (விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரலை) நீங்களே எழுதிக்கொண்டிருக்க வேண்டும், 2டி ஆக இருக்க வேண்டும். யூனிட்டி போன்ற ஆயத்த எஞ்சினில் பட்டன் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முதல்_விண்டோ: அண்ணா, சி++, எஸ்டிஎல் (விண்டோ, கீபோர்டு, ஒலியைக் கையாளும் லைப்ரரி) வச்சு எழுதுறேன். விண்டோ, ஸ்ப்ரைட் (திரையில நகரும் படம்), கீபோர்டு மூணும் வேலை செய்யுது. முதல் டெமோவா ஒரு பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவுற விளையாட்டு) பண்ணலாமா?

வேண்டாம். மோதல், ஈர்ப்பு, கேமரா, டைல் மேப் (சதுரப் படத் துண்டுகளை அடுக்கிய களம்), அனிமேஷன் ஐந்தும் அதில் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆள் தரைக்குள் புதைந்தால் எது காரணம் என்று தேடியே வாரம் போய்விடும். ஒரு டெமோவுக்கு ஒரு புதுப் பகுதி, அவ்வளவுதான்.

பழைய விளையாட்டுகள் இதற்கென்றே செய்தது போல இருக்கும். பாங் (1972): லூப், இன்புட், மோதல். பிரேக்அவுட் (1976): நிறையப் பொருள்கள், அவற்றை நடுவிலேயே அழிப்பது. பட்டியலைச் சுற்றிக்கொண்டே அதிலிருந்து செங்கல்லை நீக்கினால் அடுத்த செங்கல் கணக்கில் வராமல் தப்பிவிடும். ஒரே டிக்கில் (விளையாட்டின் கணக்கு ஒரு படி முன்னேறுவது ஒரு டிக்) இரண்டு செங்கல் உடையும்போதுதான் இது வெளியே தெரியும். ஆஸ்டராய்ட்ஸ் (1979): சுழற்சி, புதுப் பொருள் பிறப்பது, திரையின் ஒரு விளிம்பில் போய் மறு விளிம்பில் வருவது. டெட்ரிஸ் (1984): கட்டக் கணக்கு, அழுத்திப் பிடித்த கீ எப்போது திரும்ப வேலை செய்ய வேண்டும் என்ற நேரக் கணக்கு. பிளாட்ஃபார்மர் இதற்கெல்லாம் பிறகு.

குறியீடு எழுதும் முன்பே, எது நடந்தால் தேர்ச்சி என்று எழுதி வையுங்கள். பாங்குக்கு: இரண்டு மட்டையும் தானாக ஆட, இரவு முழுக்க ஓட வேண்டும், பந்து ஒரு முறைகூட மட்டையைத் துளைத்துப் போகக் கூடாது. பந்து 8 பிக்சல், மட்டை 10 பிக்சல் தடிமன், வேகம் செகண்டுக்கு 1200 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 60 டிக்கில் ஒரு டிக்குக்கு 20 பிக்சல் தாண்டும். 8ம் 10ம் சேர்ந்து 18தான், ஆகவே சில சமயம் பந்து மட்டையைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடும். இதற்கு மருந்து, பந்து போன பாதை முழுவதையும் சோதிக்கும் ஸ்வெப்ட் மோதல். அல்லது வேகமான பொருளுக்கு மட்டும் டிக்கைத் துண்டாக்குவது.

மட்டையைத் தடிமனாக்குவது மருந்து அல்ல. டெமோவில் ஒட்டுப் போடாதீர்கள், எஞ்சினில் சரி செய்யுங்கள். டெமோ எழுதுவதே எஞ்சினின் ஓட்டையைக் காட்டத்தான். அதை டெமோவுக்குள் மூடிவிட்டால் மூன்று டெமோ தாண்டி வேறு உருவில் வரும்.

ஷேடர்_பைத்தியம்: என் எஞ்சின் 2400 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு அத்தனை ஃப்ரேம்) வருது. நல்ல எண்தானே?

வெற்றுத் திரையில் அது ஒரு ஃப்ரேமுக்கு 0.42 மில்லி செகண்ட் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. கடைசி 300 ஃப்ரேமில் மிக மோசமானது எத்தனை மில்லி செகண்ட் என்று திரை மூலையில் காட்டுங்கள். பார்க்க வேண்டிய எண் அது.

தாவும்_தவளை: என் லேப்டாப்ல சரியா ஏறுற மேடைக்கு, ஃப்ரெண்டோட பழைய கம்ப்யூட்டர்ல தாவவே முடியல. அவனுக்கு 30 எஃப்பிஎஸ்தான் வருது. எல்லாத்தையும் டெல்டா டைமால, அதாவது போன ஃப்ரேம் எடுத்த நேரத்தால, பெருக்கிட்டேன்.

பெருக்கினால் போதும் என்று பாதிப் பாடங்கள் சொல்லித்தருகின்றன, போதாது. தாவும் வேகம் 600, ஈர்ப்பு 1800 என்றால் சூத்திரப்படி உயரம் 100 பிக்சல். முதலில் வேகத்தை மாற்றி, பிறகு இடத்தை மாற்றும் வழக்கமான முறையில், தாவும் வேகத்தையும் டெல்டாவையும் பெருக்கிப் பாதியாக்கினால் வரும் அளவு அதில் குறையும். 144 எஃப்பிஎஸ்ஸில் 97.9, 60இல் 95, 30இல் 90. மேடை 93 பிக்சல் உயரத்தில் இருந்தால் உங்கள் நண்பருக்கு ஆயுளுக்கும் எட்டாது.

நிலையான டிக் வையுங்கள். ஃப்ரேம் எடுத்த நேரத்தை ஒரு அக்யூமுலேட்டரில் (நேரத்தைச் சேர்த்து வைக்கும் மாறியில்) சேருங்கள். அதில் 1/60 செகண்ட் இருக்கும் வரை ஒரு டிக் ஓட்டி, 1/60ஐக் கழியுங்கள். மிச்சம் அடுத்த ஃப்ரேமுக்கு. வரையும்போது முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் இடையில், அந்த மிச்சத்தின் விகிதத்தில் இடைக்கணித்து வரையுங்கள். சேர்க்கும் முன் ஃப்ரேம் நேரத்தை 0.25 செகண்டுக்கு மேல் போகாமல் வெட்டுவது முக்கியம். விண்டோஸில் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தாலே உங்கள் லூப் நின்றுவிடும். விட்டதும் ஐந்து செகண்ட் பாக்கி ஒரேயடியாக வந்து விழும்.

டெல்டா_ரசிகன்: இது தேவையில்லாத சிக்கல். இடத்தைக் கணக்கிடும்போது அரை முடுக்கம் பெருக்கல் நேர வர்க்கம் சேர்த்தா எந்த எஃப்பிஎஸ்லயும் சரியா 100 பிக்சல்தான் வரும்.

மாறாத ஈர்ப்பு வரை நீங்கள் சொல்வது சரி. உராய்வுக்கு என்ன செய்வீர்கள்? ஃப்ரேமுக்கு 0.9ஆல் பெருக்கினால், ஒரு செகண்ட் கழித்து 30 எஃப்பிஎஸ்ஸில் 4.2 சதவீத வேகம் மிஞ்சும், 60இல் 0.18 சதவீதம்.

டெல்டா_ரசிகன்: 0.9ஐ டெல்டா பெருக்கல் 60 அடுக்குக்கு உயர்த்தினா தீர்ந்தது.

அதுவும் தீரும். அடுத்து ஸ்பிரிங், அதற்கடுத்து எதிரியின் சுடும் இடைவெளி, அதற்கடுத்து ஃப்ரேமின் நடுவில் நடக்கும் மோதல். ஒவ்வொரு விதிக்கும் தனிச் சூத்திரம் கண்டுபிடிப்பது உங்கள் டெமோ எழுதுபவரின் தலையில் விழுகிறது. எஞ்சின் ஒரே இடத்தில் தீர்க்கக் கூடியதை ஒவ்வொரு டெமோவும் தீர்ப்பதற்குப் பெயர்தான் நான் மேலே சொன்ன ஒட்டு.

இதைவிடப் பெரிய காரணம் ரீப்ளே, அதாவது ஆடிய ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டுவது. 1993இல் வந்த டூம் செகண்டுக்கு 35 டிக்கில் ஓடியது. அதன் டெமோ கோப்பில் (அங்கே டெமோ என்றால் பதிந்து வைத்த ஆட்டம்) இருப்பது ஒவ்வொரு டிக்கின் இன்புட் மட்டுமே, படம் அல்ல. அதே இன்புட், அதே டிக், அதே ரேண்டம் எண்கள் என்றால் அதே ஆட்டம். உங்கள் எஞ்சினிலும் 60 டிக்கில், டிக்குக்கு ஒரு பைட் இன்புட் எழுதினால் 10 நிமிட ஆட்டம் 36,000 பைட். 60 டிக்குக்கு ஒரு முறை எல்லாப் பொருள்களின் இடம், வேகம், ரேண்டம் விதை மூன்றையும் ஹேஷ் செய்து (ஒரே எண்ணாகச் சுருக்கி) கூடவே எழுதுங்கள். எஞ்சினை மாற்றியதும் பழைய ரீப்ளேயை ஓட்டுங்கள். எந்த ஹேஷ் முதலில் மாறுகிறதோ அந்த ஒரு செகண்டுக்குள் தேடினால் போதும். மாறும் டெல்டாவில் இதைச் செய்ய ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும், அப்போதும் வேறு கம்ப்யூட்டரில் புதிதாக ஆடியதோடு ஒப்பிட முடியாது.

டெல்டா_ரசிகன்: ஆனா இடைக்கணிப்பு ஒரு டிக் தாமதம் கொண்டுவருதே. 16.7 மில்லி செகண்ட் லேசான விஷயமில்ல.

உண்மை. இந்த வாதத்தில் உங்கள் வலுவான புள்ளி இதுதான். 120 டிக் வையுங்கள், 8.3 ஆகும். பாங் அளவு டெமோவுக்கு 240 டிக்கைக்கூட எந்த லேப்டாப்பும் தாங்கும்.

கூட்டத்தில்_ஒருவன்: அப்ப டூம் ஏன் இப்ப 144 ஹெர்ட்ஸ்ல வழவழன்னு ஓடுது?

மூலப் பதிப்பு 35ஐத் தாண்டாது. நீங்கள் பார்ப்பது பின்னால் வந்த சோர்ஸ் போர்ட் (வெளியான மூலக் குறியீட்டை வைத்து மற்றவர்கள் செய்த பதிப்பு); விளையாட்டு 35 டிக்கிலேயே ஓட, வரைவது மட்டும் இடைக்கணிப்பு. மேலே நடந்த சண்டைக்குத் தீர்ப்பே அதுதான்.

கன்னித்தமிழ்_பிக்சல்: டயலாக் பாக்ஸ்ல தமிழ் உடையுது. ‘கொக்கு’ன்னு எழுதினா கொம்பு தப்பான இடத்துல நிக்குது.

ஒரு கோட்பாயிண்டுக்கு (யூனிகோடு எண்ணுக்கு) ஒரு கிளிஃப் (எழுத்துருவில் உள்ள வடிவம்) என்று வரைகிறீர்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், ‘கு’, ‘டி’ போன்றவற்றின் சேர்ந்த வடிவத்துக்கு யூனிகோடில் தனி எண்ணே கிடையாது, எழுத்துருவுக்குள் மட்டுமே இருக்கிறது. எஸ்டிபி ட்ரூடைப் என்ற எழுத்துரு லைப்ரரி இந்த வேலையைச் செய்யாது. ஹார்ஃப்பஸ் லைப்ரரி கொண்டு ஷேப் செய்து (எந்த வடிவம் எங்கே என்று கணக்கிட்டு), அட்லஸை (எல்லா வடிவங்களையும் அடுக்கிய ஒரே படத்தை) கோட்பாயிண்டால் அல்லாமல் கிளிஃப் எண்ணால் அடுக்குங்கள். ஹார்ஃப்பஸ் சேர்த்துக் கட்டிய எஸ்டிஎல் டிடிஎஃப்பும் போதும். சோதனை வரி: ‘கொக்கு மௌனம் ஸ்ரீ க்ஷணம் டீ தூ’. எழுத்தெழுத்தாக விரியும் டயலாக் இருந்தால், கோட்பாயிண்டாக அல்ல, முழு எழுத்தாக விரிய வேண்டும். இல்லையென்றால் முதலில் ‘க’ வந்து பிறகு துள்ளி ‘கொ’ ஆகும். எழுத்துக் குறிகளின் வரிசையை இடம் மாற்றி எழுதி ஒப்பேற்றலாம் என்று நினைப்பீர்கள். ஒட்டு. வேண்டாம்.

புது_ஆள்: முதல் டெமோவா என்ன பண்ணலாம்?

முதல் பதில்.

கோடு_விழுது: டைல் மேப்ல கேமரா நகரும்போது டைலுக்கு நடுவுல மெல்லிசா கோடு மின்னுது.

பக்கத்து டைலின் நிறம் கசிகிறது. அட்லஸில் ஒவ்வொரு டைலின் விளிம்பையும் ஒரு பிக்சல் வெளியே நீட்டி நகலெடுங்கள், ஃபில்டரை நியரெஸ்ட் (பக்கத்து நிறத்தைக் கலக்காத முறை) ஆக்குங்கள், மிப்மேப்பை (படத்தின் சிறிதாக்கிய நகல்களை) அணையுங்கள். வரையும்போது மட்டும் கேமராவை முழு எண்ணாக்குங்கள். சேமித்திருக்கும் இடத்தை அல்ல. 320×180இல் வரைந்தால் 1920×1080க்குச் சரியாக 6 மடங்கு. 1366×768 லேப்டாப்பில் 4 மடங்குதான் பிடிக்கும், மீதி கறுப்பு ஓரம். 4.27 மடங்கு இழுத்தால் பிக்சல்கள் ஒன்று பெரிது ஒன்று சிறிதாகத் தெரியும்.

டிக்டிக்: சத்தம் வரும்போது நடுநடுவே ‘டக்’னு கேக்குது. பஃபர் 512.

44,100 ஹெர்ட்ஸில் 512 என்பது 11.6 மில்லி செகண்ட். அதற்குள் கால்பேக் (அடுத்த பஃபரை நிரப்ப ஒலி அமைப்பு கூப்பிடும் உங்கள் குறியீடு) முடியாவிட்டால் இடைவெளி விழும். கால்பேக்குக்குள் மெமரி கேட்பது, லாக் போடுவது, கோப்பு படிப்பது மூன்றும் கூடாது. ஒலியை நிறுத்தும்போது மட்டும் ‘டக்’ என்றால் அது அலையை நடுவில் வெட்டுவதால். 5 மில்லி செகண்டில் தணித்து நிறுத்துங்கள். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் 30 வெடிச்சத்தம் ஒன்றாக வருமாறு ஒரு டெமோ செய்தால் இரண்டும் வெளியே வந்துவிடும்.

எண்_பிரியன்: என்கிட்ட 60 எஃப்பிஎஸ், நண்பன்கிட்ட 58. எஞ்சின் மெதுவா?

மோசமான ஃப்ரேம் எத்தனை மில்லி செகண்ட்? அது இல்லாமல் இனி எஃப்பிஎஸ் கேள்வி எடுக்க மாட்டேன்.

வலை_வீசுபவன்: ரெண்டு பேர் ஆன்லைன்ல ஆடுற மாதிரி...

என் துறை இல்லை. ரீப்ளே ஹேஷ் சரியாக வந்த பிறகு அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஜிப்_கோப்பு: டெமோவை மத்தவங்ககிட்ட கொடுத்துச் சோதிக்கிறது எப்படி?

ரிலீஸ் பில்டைக் கொடுங்கள், கம்பைலர் நிறுவாத கம்ப்யூட்டரில் முதலில் நீங்களே திறந்து பாருங்கள். பாதிப் பேருக்கு ரன்டைம் டிஎல்எல் இல்லாமல் அங்கேயே நிற்கும். விண்டோ தலைப்பில் பில்டு எண் இருக்கட்டும், லாக் கோப்பும் ரீப்ளேயும் தானாக எழுதப்படட்டும். ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருந்தது’ என்பார்கள். ரீப்ளே கோப்பை வாங்குங்கள்.

கெடுப்பதற்கென்றே சில: ஆடும்போது விண்டோவைச் சுருக்குவது, கேம்பேடைப் பிடுங்குவது, ஹெட்ஃபோனைச் செருகுவது. வலது அம்புக்குறியை அழுத்தியபடியே ஆல்ட் டேப். திரும்பி வந்தால் ஆள் தானாக ஓடிக்கொண்டிருப்பான், ஏனென்றால் கீ விட்ட செய்தி உங்களுக்கு வரவில்லை. ஃபோகஸ் போனதும் எல்லாக் கீயையும் விட்டதாக எஞ்சின் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்தும் பாருங்கள். விண்டோஸில், கோப்பு திறக்கும் சி மொழியின் வெறும் எஃப்ஓப்பனுக்கு யூடிஎஃப்-8 பாதையைக் கொடுத்தால் பெரும்பாலும் கோப்பு திறக்காது. எஸ்டிஎல்லின் கோப்பு ஃபங்க்‌ஷன்கள் யூடிஎஃப்-8ஐ ஏற்கும்.

டெல்டா_ரசிகன்: சரி, 120 டிக் வச்சுப் பாத்தேன். தாவல் சரியா இருக்கு. ஆனா ஆஸ்டராய்ட்ஸ்ல கப்பல் வலது விளிம்பைத் தாண்டும்போது ஒரு ஃப்ரேம் திரை நடுவுல தெரியுது.

முந்தைய இடம் வலது ஓரம், இப்போதைய இடம் இடது ஓரம். இரண்டுக்கும் நடுவில் இடைக்கணிக்கிறது. இடம் மாற்றும்போது முந்தைய நிலையையும் புது இடத்துக்கே மாற்றுங்கள். கப்பலின் குறியீட்டில் அல்ல. எஞ்சினில் ‘டெலிபோர்ட்’ என்று ஒரு ஃபங்க்‌ஷன் வைத்து அதற்குள்.