மோட்டார்ஹோம் பின்னாடி மியாட்டாவ கட்டி இழுக்கிறது: கேட்டீங்க, சொல்றேன்

ரிட்டயர் ஆனதுல இருந்து நானும் வீட்டம்மாவும் 30 அடி மோட்டார்ஹோம்ல (படுக்கை, சமையல்னு வீடே உள்ள இருக்கிற பெரிய வண்டி) அமெரிக்காவ சுத்திட்டிருக்கோம். பின்னாடி எங்க 1992 மாஸ்டா மியாட்டா, சின்ன கார், மேனுவல் கியர், துணிக்கூரை, நாலு சக்கரமும் ரோட்டுல உருள கூடவே வரும். போன வாரம் போட்டோ போட்டதுல இருந்து ஒரே கேள்வியா வருது, மொத்தமா இங்கயே சொல்லிடுறேன்.

சார், இவ்ளோ பெரிய வண்டி இருக்கும்போது எதுக்கு இன்னொன்னு?

பால் வாங்க 30 அடி வண்டிய எடுத்துட்டு போய் பாருங்க, புரியும். மொண்டானாவுல கிளேசியர் பார்க்குல மலை மேல ஏறுற ரோட்டுல 21 அடிக்கு மேல நீளமான வண்டிய விடவே மாட்டான். மோட்டார்ஹோம கேம்ப்ல நிறுத்திட்டு கூரைய மடக்கிட்டு மியாட்டாவுல ஏறினோம், அந்த ஒரு நாளுக்காகவே இத்தன பாடும் படலாம்.

அண்ணா, மேனுவல் வண்டிதானே, நியூட்ரல்ல போட்டா போதாதா?

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான் தம்பி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மியாட்டா மாதிரி, இன்ஜின் பின் சக்கரத்த சுத்துற வண்டில பல கியர்பாக்ஸுக்கு உள்ள ஆயில் பம்புன்னு எதுவும் கிடையாது. கீழ இருக்கிற ஷாஃப்ட்டோட பல்சக்கரம் ஆயில்ல முங்கி சுத்தும்போது வாரி அடிக்கும் பாருங்க, அதுலதான் மேல இருக்கிறதெல்லாம் நனையும். அந்த கீழ் ஷாஃப்ட்ட சுத்த விடுறது இன்ஜின். இழுத்துட்டு போகும்போது இன்ஜின் ஆஃப், நியூட்ரல்னால கீழ் ஷாஃப்ட்டும் சும்மா நிக்கும், ஆனா பின் சக்கரம் உருள்றதால வெளிய போற ஷாஃப்ட் மட்டும் மணிக்கணக்கா சுத்திட்டே இருக்கும், அதுக்கு ஆயில் சரியா போய் சேராது. பேரிங் சூடாகி கடைசில சத்தம் போட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

இன்ஜின் முன் சக்கரத்த சுத்துற மேனுவல் வண்டில டிஃபரன்ஷியலும் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் சுழற்சிய பிரிச்சு தர்ற பல்சக்கரங்க) கியர்பாக்ஸ் பெட்டிக்குள்ளயே இருக்கு, சக்கரம் உருண்டா அதோட பெரிய பல்சக்கரமே ஆயில வாரி அடிக்கும், அதனால அதுல பல மாடலுக்கு பிரச்சனை இல்ல. இல்லன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, வண்டியோட கூட வந்த புக்குல மோட்டார்ஹோம் பின்னாடி இழுக்கிறத பத்தி தனியா எழுதியிருப்பான், அவன் கூடாதுன்னா கூடாதுதான்.

அப்ப நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?

நீளமான ட்ரிப்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டயே, அதாவது கியர்பாக்ஸுல இருந்து பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு போற நீள கம்பிய, கழட்டிடுவேன். வண்டிக்கு அடியில படுத்து, டிஃபரன்ஷியல் பக்கம் நாலு போல்ட், கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயிண்ட்ல ஒரு கோடு, அப்பதான் திரும்ப அதே மாதிரி மாட்ட முடியும், இல்லன்னா வைப்ரேஷன் வரும். ஷாஃப்ட்ட உருவினதும் கியர்பாக்ஸ் வாலுல இருந்து ஆயில் ஒழுகும், அங்க ஒரு அடைப்பு போடணும். முதல் தடவ அத மறந்துட்டு சட்டையெல்லாம் ஆயில்.

சின்ன தூரம்னா கழட்ட மாட்டேன், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி, நியூட்ரல்ல கிளட்ச மிதிக்காம இன்ஜின கொஞ்ச நேரம் ஓட விடுவேன், கீழ் ஷாஃப்ட் சுத்தி ஆயில் மேல ஏறிடும். இது என் ரிஸ்க்ல நான் பண்றது, புது வண்டி வச்சிருக்கவங்க இத பாத்து பண்ணாதீங்க.

டாலில, அதாவது ரெண்டு சக்கர குட்டி ட்ரெய்லர்ல, முன் சக்கரத்த தூக்கி வச்சுட்டா?

மியாட்டாவுக்கு பிரயோஜனம் இல்ல. பின் சக்கரம் அப்பவும் தரையிலதானே உருளுது, அதே கியர்பாக்ஸ் கதைதான். ஒண்ணு ஷாஃப்ட்ட கழட்டணும், இல்ல முழு வண்டியும் ஏறுற ட்ரெய்லர் வாங்கணும், அத கேம்ப்ல நிறுத்த இடம் தேடி அலையணும்.

நான் ஜீப் ராங்க்ளர் வச்சிருக்கேன், அதுவும் கூரை கழட்டுற வண்டிதான். அதுக்கும் நியூட்ரலா?

இல்ல ப்ரோ, அது தலைகீழ். ட்ரான்ஸ்ஃபர் கேஸ (கியர்பாக்ஸுல இருந்து முன், பின் சக்கரங்களுக்கு சுழற்சிய பிரிக்கிற பெட்டி) நியூட்ரல்ல போட்டுட்டு, மேனுவல்னா கியர்லயே விடணும், ஆட்டோமேட்டிக்னா பார்க். இதுக்கு ஏத்த மாதிரியே கட்டின வண்டி, அதனாலதான் எந்த கேம்புக்கு போனாலும் பாதிப்பேர் பின்னாடி ராங்க்ளர்தான் தொங்குது.

மியாட்டாவ தெரியாம கியர்ல விட்டுட்டா என்ன ஆகும்?

கணக்கு போட்டு பாத்தேன். முதல் கியர்ல மணிக்கு 100 கிலோமீட்டர்ல இழுத்தா இன்ஜின் 12,000 சுத்துக்கு மேல போகணும், பாவம் அது 7,000லயே மூச்சு வாங்குற இன்ஜின். வெடிச்சிடும்.

நான் பண்ணினது வேற, ஹேண்ட்பிரேக்க இறக்காம கிளம்பிட்டேன். மோட்டார்ஹோம்ல உக்காந்திருந்தா பின்னாடி ஒரு டன் இழுபடுறது உணரவே மாட்டீங்க. பக்கத்துல போன லாரிக்காரர் ஹாரன் அடிச்சு கை காட்டினாரு, நான் ஏதோ வணக்கம் சொல்றாருன்னு பதிலுக்கு கை காட்டினேன். ரெஸ்ட் ஏரியால இறங்கினா கருகின நாத்தம், பின் ரிம் தொட முடியல, பிரேக் பேட், ரோட்டர் எல்லாம் போச்சு. அப்புறம் வீட்டம்மா ஒரு அட்டைல எழுதி ஸ்டியரிங்ல தொங்க விட்டுட்டா: சாவி, நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டோபார் பின் (கார இழுக்கிற கம்பிய மாட்டி வைக்கிற ஆணி), லைட். அவ வாசிக்க நான் ஒவ்வொண்ணா தொட்டு பாத்துட்டுதான் இப்பல்லாம் கிளம்புறது.

சாவி எதுக்கு?

ஸ்டியரிங் லாக் விடணும், இல்லன்னா வளைவுல முன் சக்கரம் திரும்பாம ரோட்டுல தேய்ஞ்சுட்டே வரும். சாவிய ஏசிசில (இன்ஜின் ஓடாம ரேடியோ மாதிரி மட்டும் வேலை செய்ற இடம்) வச்சா பேட்டரி இறங்கும்னு ரேடியோ ஃப்யூஸ மட்டும் பிடுங்கிடுவேன்.

மியாட்டா லேசான வண்டிதானே, தனி பிரேக் தேவையா?

தேவை. ஒரு டன் உங்க முதுகுல தள்ளும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடத்துல 3,000 பவுண்டுக்கு மேலதான் கட்டாயம், மியாட்டா அதுக்கு கீழதான், ஆனா மலை இறக்கத்துக்கு சட்டம் தெரியாது. நான் வச்சிருக்கிறது டிரைவர் சீட்டுக்கு முன்னாடி தரையில வைக்கிற பெட்டி, நாம பிரேக் போட்டா அது ஒரு கம்பியால பெடல மிதிக்கும். மாட்டறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு பிரேக் பூஸ்டர்ல (நம்ம மிதிக்கு பலம் கூட்டுற பகுதி) இருக்கிற வேக்கம காலி பண்ணுங்க, இல்லன்னா முதல் பிரேக்குலயே சக்கரம் லாக் ஆகும். வண்டி கழண்டுட்டா தானா பிரேக் பிடிக்கிற வயரும் கட்டாயம் வேணும்.

ஊர்ல கயிறு கட்டி இழுக்கிறோமே, அது மாதிரிதானா?

கயித்துல பின் வண்டில ஒருத்தர் உக்காந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் பாத்துக்கிறார்ல, இங்க உள்ள ஆளே கிடையாது. சேசிஸ்ல போல்ட் போட்ட பேஸ்ப்ளேட், அதுல A மாதிரி இரும்பு டோபார், குறுக்க ரெண்டு சேஃப்டி கேபிள். டோபார் கிட்டத்தட்ட லெவலா இருக்கணும், 4 அங்குலத்துக்கு மேல ஏத்த இறக்கம் கூடாது. மியாட்டா தரைய ஒட்டி இருக்கிற வண்டி, மோட்டார்ஹோமோட ஹிட்ச் (டோபார மாட்டுற இடம்) எங்கயோ மேல, அதனால இறக்கி வைக்கிற அடாப்டர் போட்டிருக்கேன், அது பெட்ரோல் பங்க் மேட்டுல உரசுது.

பங்க்குன்னதும் ஞாபகம் வருது, ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க. கார் முன் சக்கரம் ஒரு பக்கமா முழுசா திரும்பிக்கும், டோபார் வளைஞ்சுடும். வெளிய போக வழி இருக்கான்னு பாத்துட்டு உள்ள நுழையுங்க, கோணலா மாட்டிக்கிட்டா டோபார் பின் மேல அழுத்தம் விழுந்து சுத்தியலால தட்டினாலும் வராது.

ஓடோமீட்டர் ஏறுமா?

முதல் தலைமுறை மியாட்டாவுக்கு ஏறும், மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட்ல இருந்துதான் வருது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ட கழட்டினா ஏறாது, அது ஒரு லாபம்.

கூரைய திறந்து விட்டு இழுக்கலாமா அங்கிள்? ஜாலியா இருக்குமே!

யாருக்கு ஜாலிமா, உள்ளதான் ஆளே இல்லையே. மூடி, கொக்கி ரெண்டையும் மாட்டிட்டுதான் இழுக்கணும். மோட்டார்ஹோம் முதுகுக்கு பின்னாடி காத்து சுழல் போடும், புழுதி, கல்லு, புகை எல்லாம் கார் மேலதான் வரும். பின் ஜன்னல் பிளாஸ்டிக், போய் சேர்ந்ததும் துணியால துடைக்காதீங்க, கோடு கோடா கீறல் விழும். முதல்ல தண்ணிய நல்லா ஊத்தி மண்ண இறக்குங்க, அப்புறம் கையாலயே கழுவிக்கலாம்.