எபிதலோன் ஊசி: கேட்ட ஆக்களுக்கு என்ர பதில்

கலங்களை வளர்த்துப் பாக்கிற ஆய்வுகூடத்தில கனகாலம் வேலை செய்தனான், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன், கேளுங்கோ.

கொக்குவில் அக்கா: தம்பி, கனடாவில இருந்து அண்ணை அனுப்பின குப்பி ஃபிரிட்ஜில தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில கிடக்கு. போட்டால் வயசு போகாதாம். உது என்ன சாமான்?

அதுதான் எபிதலோன் அக்கா, நாலே நாலு அமினோ அமிலம் கோத்த குட்டிப் பெப்ரைட், புரதத்தின்ர சின்னத் துண்டு மாதிரி. முதல்ல மாட்டின்ர மூளைக்குள்ள இருக்கிற பீனியல் சுரப்பியில இருந்து எபிதலமின் எண்டொரு சாறு எடுத்தவை, பிறகு அதைப் பாத்துச் செயற்கையாச் செய்ததுதான் இது. ரஷ்யாவில சென் பீற்றர்ஸ்பேர்க்கில விளாடிமிர் ஹவின்சன் எண்ட விஞ்ஞானி, 2024இல செத்தவர், கன வருசம் இதோட மினக்கெட்டவர்.

கம்பஸ் பெடியன்: ரெலோமியரை நீட்டும் எண்டுறது உண்மையோ அண்ணை?

ரெலோமியர் எண்டுறது, கலத்துக்குள்ள மரபணுக்களைக் காவுற நிறமூர்த்தத்தின்ர நுனி. ஓலைப்பாயின்ர ஓரத்தை மடிச்சுப் பின்னாட்டிப் பிரிஞ்சு போகுமெல்லோ, அப்பிடி ஒரு காவல், கலம் பிரியப் பிரியத் தேஞ்சுகொண்டு வரும். ரெலோமரேஸ் எண்ட நொதியம் அதைத் திருப்பி நீட்டும். எபிதலோன் போட்ட மனிதக் கலங்களில அந்த நொதியம் வேலை செய்ததெண்டும் ரெலோமியர் நீண்டதெண்டும் 2003இல ஹவின்சன்ர ஆக்கள் எழுதினவை. ஆனா தம்பி அது கிண்ணத்துக்குள்ள வளர்த்த கலம், ஆள் இல்லை. அதே வருசம் எலிகளில பாத்த ஆய்வில சராசரி ஆயுள் கூடவே இல்லை, கடைசிவரைக்கும் தப்பின 10 வீதம் எலிகள்தான் 13 வீதமளவில கூடச் சீவிச்சது. நல்ல ஆராய்ச்சிதான், எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா இதை நம்பி ஊசி ஏத்தேலாது.

மானிப்பாய் தங்கச்சி: அம்மாவுக்குக் கான்சர் வந்து சுகமாகி அஞ்சு வருசம். குடுக்கலாமோ அண்ணா?

வேண்டாம் பிள்ளை, தயவுசெய்து வேண்டாம். புற்றுநோய்க் கலங்களில பத்துக்கு ஒன்பதளவில இதே ரெலோமரேஸை வச்சுத்தான் சாகாமல் பிரிஞ்சுகொண்டு இருக்கிறது. எலியில கட்டி கூடேல்லைதான், அதுக்காக அம்மாவில பரீட்சை பாக்கேலாது. அவவின்ர கான்சர் டொக்டரிட்டக் கேக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ.

கொக்குவில் அக்கா: குப்பியை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறன், பாருங்கோ தம்பி.

பாத்தன் அக்கா. அடியில கொஞ்சம் வெள்ளைத் தூள், ஸ்டிக்கரில ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல’ எண்டு இருக்கு, பேட்ச் நம்பரும் இல்லை, செய்த ஆளின்ர பேரும் இல்லை. உள்ளுக்க இருக்கிறது எபிதலோன்தானோ எண்டு ஆர் சொல்லுறது? தண்ணி விட்டுக் கலக்கேக்க கிருமி போனால் வேற கரைச்சல். அண்ணையோட கோவிக்காதேங்கோ, பாசத்தில அனுப்பினவர். உடைக்காமல் ஃபார்மசியில குடுத்து அழிக்கச் சொல்லுங்கோ, பேரப்பிள்ளையள் ஃபிரிட்ஜைத் திறக்க முதல்.