வீட்டில் யார் இருப்பது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றையெல்லாம் படித்துவருகிறேன். நாங்கள் பெங்களூருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன். கணவருக்குத் தாராபுரம் பக்கத்தில் நாலரை ஏக்கர் மேட்டுக்காடு பங்காக வந்திருக்கிறது. கிணறு உண்டு, தண்ணீர் குறைவு. காடு சும்மாதான் கிடக்கிறது. அங்கே போய்ச் சின்னதாக ஒரு பண்ணை அமைத்து, காங்கேயம் மாடு, ஆடு, கோழி வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கைவேலைகளும் பழக்கி வளர்க்கலாமா என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது? கயிறு திரிப்பது, கட்டில் பின்னுவதெல்லாம் இப்போதும் செய்கிறீர்களா? பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா? முதலில் எதை வாங்குவது?

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரிதான் எங்கள் மயிலை மாடு கன்று போட்டது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழும்வரை மாட்டை விட்டு நகர முடியாது. நாயோ காக்கையோ இழுத்துவிடக் கூடாது, மாடே தின்றுவிடவும் கூடாது. இரண்டு மணிக்குத்தான் விழுந்தது. என் வீட்டுக்காரர் அதை வைக்கோலில் சுற்றிக் கட்டி, விடிவதற்குள் கொண்டுபோய் ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தார். அப்புறம் சீம்பால் நாட்கள், அதற்குப் பின் கன்றுக்குக் கொஞ்சம் கழிச்சல். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வீட்டில் யார் இருப்பது? எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வெளியில் தங்கியது ஒரே ஓர் இரவு. அந்த இரவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ, ஒருவர் காலையில் போய் மத்தியானம் திரும்புவார், இன்னொருவர் சாயங்காலம் போவார். கணவரும் நீங்களும் ஒரு வருடம் பேசியதில் இது வந்ததா? வரவில்லை என்றால் முதலில் இதைப் பேசுங்கள்.

எங்கள் இடம் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில். ஒன்பது ஏக்கர், மூன்று கொரங்காடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. கொரங்காடு என்றால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள். காலையில் படலைத் திறந்து ஆடுமாடுகளை உள்ளே விட்டால் போதும், மேய்ப்பவர் தேவையில்லை. ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்ததற்கு மாற்றுவோம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற பூமி இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். இந்த வறண்ட பூமியில் மனிதர் பிழைக்க முன்னோர் கண்ட வழி கொரங்காடுதான். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்தது. சித்திரை, வைகாசியில் புல் காய்ந்து தரையோடு போனபின் வெள்வேலக் காய் உதிரும். ஆடுகள் அதைத் தின்று விதையைப் புழுக்கையில் போடும். அடுத்த மழையில் அங்கங்கே கன்றுகள் முளைத்து நிற்கும். எங்கள் காட்டில் நிற்கிற மரங்களில் பாதியை யாரும் நடவில்லை.

எங்களிடம் இப்போது இரண்டு மாடு, ஒரு எருமை, இருபத்தாறு மேச்சேரிச் செம்மறி ஆடு, கோழிகள். வருமானம் ஆட்டில்தான். எருமைப் பால் சொசைட்டிக்குப் போகும். இவை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறார்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். விடிகாலை ஐந்து மணியை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் வீட்டு நாள் மாதிரிதான், இட்லி, டிபன் பாக்ஸ், பள்ளி வேன்.

காங்கேயம் மாடு கன்றை ஊட்டவிடாமல் பால் இறக்காது. கன்றை அவிழ்த்ததும் அது ஓடிவந்து நான்கு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பும், மடியை முட்டும். தாய் திரும்பிக் கன்றின் முதுகை நக்கும். கொஞ்ச நேரத்தில் மாட்டின் பின்னங்கால் ஒன்று லேசாக அகலும். காம்புகள் விறைத்து நிற்கும், கன்றின் கடைவாயில் நுரை தெரியும். பால் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் கன்றைப் பிடித்து இழுத்து, தாய் நக்குவதற்கு வாகாக அதன் முகத்தருகே கட்ட வேண்டும். பிந்தினால் பால் போய்விடும், முந்தினால் மாடு இறக்காது. இழுத்துக் கட்டுவது ஆறு வயதிலிருந்து என் மகளின் வேலை. இப்போது அவளுக்குப் பத்து வயது. என் அத்தை சாகும்வரை இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள்தான் பேத்தியின் கையைப் பிடித்து, "கால் அகலுது பாரு கண்ணு, இப்ப இழு" என்று பழக்கினார்கள். இரண்டு காம்பு எங்களுக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கிடைத்தால் நல்ல மாடு. பாலுக்காக இந்த மாட்டை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பையனுக்கு ஆறு வயது. பிறந்த கன்று செந்நிறமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மாட்டுக் கன்னுதானா?" என்று அப்பாருவை, அதாவது தாத்தாவைக் கேட்டான். காங்கேயம் கன்று அப்படித்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். தினமும் பார்க்கிற நமக்கு எந்த நாள் மாறியது என்றே தெரியாது. அவன் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நிறம் மாறுகிறதா என்று கன்றின் காதை மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சரி, கயிறு. ஆமாம், இன்றும் திரிக்கிறோம், வேறு வழியில்லாமல். நடுவில் சில வருடம் நைலான் கயிறுதான் வாங்கிக்கொண்டிருந்தோம். ஓர் எருமைக் கன்றின் கழுத்தை அது அறுத்து, புண்ணில் புழு வைத்துவிட்டது. ஒரு மாதம் மருந்து போட்டும் பிழைக்கவில்லை. என் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, அந்த வருடமே கம்புக் காட்டின் ஓரத்தில் மறுபடி புளிச்சை விதைத்தார். இளசாக இருக்கும்போது கீரையைப் பறித்துக் கடைந்து சாப்பிடுவோம். பூ எடுத்ததும் செடியை வெட்டிக் கட்டுக்கட்டி, குட்டைத் தண்ணீரில் கல்லை ஏற்றி அமுக்கி வைப்போம். பத்துப் பதினைந்து நாளில் நாற்றம் தூக்கும். அப்போது தண்டிலிருந்து நாரை உரித்து, அலசி, வெயிலில் போட்டால் வெளுத்துப் பளபளவென்று வரும். சாப்பாட்டுத் தட்டுக்கும் கட்டுத்தரைக்கும் ஒரே செடி.

மாமாவுக்கு எழுபத்தைந்து வயது. கண் மங்கிவிட்டது, ஆனால் திரிப்பதற்குக் கண் வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நாரைத் தொடையில் வைத்து உருட்டுவார். கயிற்றுக்கு இரண்டு புரி, அதாவது இரண்டு இழை. இரண்டையும் ஒரே பக்கமாக முறுக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். தனித்தனிப் புரி பிரியப் பார்க்கும்போது சேர்ந்த கயிறு இறுகும். நார் தீரும் இடத்தில் புது நாரைச் செருகுவதில்தான் சூட்சுமம். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகினால் அந்த இடத்தில் அறுந்துபோகும், முன்னே பின்னே வர வேண்டும்.

என் மகள் முதன்முதலில் தானாகத் திரித்த தும்பில், அதாவது கன்று கட்டும் கயிற்றில், இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வந்துவிட்டன. மாமா கையால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தும்பில்தான் கன்றைக் கட்டினாள். விடிந்து பார்த்தால் தும்பு அறுந்து, கன்று தாயிடம் போய் முழுப் பாலையும் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. அன்று காலையில் வீட்டில் யாருக்கும் காப்பி இல்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை. பள்ளி வேன் வருவதற்குள் அவளே திண்ணையில் போய் அப்பாருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாரை எடுத்தாள்.

அதனால்தான், பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. தனியாகப் பழக்க வேண்டாம் தங்கை. கட்ட ஒரு கன்று இருந்தால் கயிறு வரும். ஆட்டுக்குட்டி பிறந்தால் அதை மூடிவைக்கக் குடாப்பு வேண்டும், மூங்கில் பிளக்கக் கை தானாக வரும். கட்டில் தொய்ந்தால் படுக்கிறவரே இழுத்துக் கட்டுவார். கன்று இல்லாத வீட்டில் திரித்த கயிறு அலமாரியில் கிடக்கும். பத்து நாளில் பிள்ளை அதை மறந்துவிடும், அதில் பிள்ளையின் தவறு ஒன்றும் இல்லை.

அலுக்காதா என்றால், அலுக்கும். பையனுக்குச் சாணி எடுப்பது பிடிக்காது. கோடையில் கூட்டாளிகள் ஊர்களுக்குப் போகும்போது இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவார்கள். எங்களால் போக முடியாததால் வர வேண்டியவர்களை இங்கே வரச் சொல்கிறோம். பட்டிப் பொங்கலன்று, அதாவது மாட்டுப் பொங்கலன்று, வாசல் நிறைந்துவிடும். கட்டுத்தரையில் சின்னதாகத் தெப்பக்குளம் வெட்டித் தண்ணீர் நிரப்பி, கன்றை அதைத் தாண்டவிட்டு, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று சொல்லிச் சுற்றி வருவோம். நாத்தனார் பிள்ளைகள் வருடம் முழுக்க அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்லவேண்டும். போன வருடம் மாசியில் மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. எல்லோரும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பக்கத்துத் தோட்டத்தாரிடம் சொல்லிவிட்டுப் போகவும் தோன்றவில்லை. அவருக்கு ஒன்றுமில்லை, வாய்வு என்று காலையில் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் பட்டியில் ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன. தெருநாய்கள். மேற்கு வேலியில் கிளுவை பட்டுப்போன ஓர் இடைவெளி இருந்தது, முள் வைத்து அடைக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் ஆடு வளர்ப்போர் நாய் கடித்துச் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடிய செய்திகள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். நாங்களும் இழப்பீட்டுக்கு மனு கொடுத்து அலைந்தோம். கிடைக்கவில்லை.

செத்ததில் ஒன்று குட்டி போட்டு நான்கு நாளான ஆடு. குட்டி குடாப்புக்குள் இருந்ததால் பிழைத்தது. வேறு தாய் ஆடுகள் அதை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டன. என் மகள் மாட்டுப் பாலைப் புட்டியில் ஊற்றி, ராத்திரி இரண்டு முறை எழுந்து புகட்டினாள். கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு அவளே எழுவாள். நான் போய் நின்றால், "நீ படும்மா, நான் பாத்துக்கிறேன்" என்பாள். அந்தக் குட்டி இப்போது வளர்ந்து சினையாக இருக்கிறது. மேற்கு வேலியை என் வீட்டுக்காரரும் மகனும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடைத்தார்கள்.

இனி உங்கள் நாலரை ஏக்கர். முதல் வருடம் எந்த உயிரும் வாங்காதீர்கள். வேலியும் புல்லும்தான். காட்டை இரண்டாகப் பிரித்துக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நடுங்கள். உழுது கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, ஒரு மழைக்காலம் முழுக்க மேயவிடாமல் காத்திருங்கள். தூர் கட்டாத புல்லில் ஆட்டை விட்டால் வேரோடு பிடுங்கிவிடும். வேலி நெருங்கப் பல வருடம் ஆகும், அதுவரை முள்ளோ கம்பியோ வேண்டும். இதற்குள் அருகில் கால்நடை மருந்தகம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவையுங்கள். மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும், காலம் தவறாமல் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும். இரண்டாம் வருடம் ஐந்தாறு மேச்சேரிப் பெட்டை ஆடுகள். வறட்சி தாங்கும், பராமரிப்புக் குறைவு. அவற்றோடு ஒரு கோடையைக் கடந்த பின் மாடு.

மாடு வாங்குவதற்கு முன் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாடுகளுக்கென்றே கூடும் சந்தைக்குப் பணம் எடுத்துக்கொள்ளாமல் சிலமுறை போய் நில்லுங்கள். கேட்டால் பெரியவர்கள் சுழி பார்க்கவும் பல் பார்க்கவும் சொல்லித்தருவார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவின்போது பெரிய மாட்டுச் சந்தை கூடும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "கிளுவைப் போத்துக்கு எங்க போவாங்களாம்?" என்று கேட்டார். புரட்டாசி மழைக்கு முன் எங்கள் வடக்கு வேலியை வெட்டிக் கழிக்கப் போகிறோம், நூற்றுக்கணக்கில் போத்து விழும். ஒரு டெம்போ பேசிக்கொண்டு, பிள்ளைகளோடு வாருங்கள். நல்ல செருப்பாகப் போட்டு வாருங்கள், கிளுவையில் முள் உண்டு. ஓர் இரவு தங்கினால் விடிகாலை ஐந்து மணிக்கு உங்கள் மகள் கட்டுத்தரையில் நிற்கலாம். வாசலில் போட நான்கு கட்டில் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா